செப்டிக் டேங்க் வாய்க்காலுக்கு டயர் துண்டு போடலாமா?

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசியது)



வழக்கமாக நான் இங்கே வந்தால் பருத்தியில் காய்ப்புழு, தென்னையில் சிலந்தி, சோளத்துக்கு உரம் என்று பேசிவிட்டுப் போவேன். இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் வேறு மாதிரியானது. சாப்பாட்டு வேளையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கக்கூஸ் தண்ணீரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

போன மாதம் சோமனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். நாலு ஏக்கர் பூமி, கூடவே எட்டுத் தறி ஓடுகிற ஒரு ஷெட். பையனுக்குக் கல்யாணம் வருகிறது என்று பழைய சாளையைப் பிரித்துவிட்டுப் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். மண் எடுத்து முடிந்ததும் அவர் கேட்டார்: "ஏனுங்க ஆபீசரய்யா, செப்டிக் டேங்க்குக்குப் பின்னாடி ஜல்லி போட்டு வாய்க்கால் வெட்டச் சொல்றாங்க. ஜல்லி விக்கிற விலைக்கு அதைக் கொண்டுபோய் மண்ணுக்குள்ள புதைக்க மனசு வரலீங்க. மேஸ்திரி சொல்றாரு, அமெரிக்காவுல பழைய டயரை வெட்டிப் போடுறாங்களாம், நாமளும் போட்டுரலாம்னு. போடலாமுங்களா?"

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ஏனென்றால் மேஸ்திரி சொன்னது பொய்யில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா, தென் கரோலினா, வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் இதை அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் அங்கே சரி என்பதாலேயே இங்கே சரியாகிவிடுமா? அவருக்கு நான் யோசித்துச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லுகிறேன். நான் கட்டட இன்ஜினீயர் இல்லை. ஆனால் இதில் பாதிக்கு மேல் மண்ணும் தண்ணீரும் சம்பந்தப்பட்ட சங்கதி. அது நம் பாடம்தானே.

முதலில் செப்டிக் டேங்க் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். பல பேர் நினைக்கிறார்கள், டேங்க்குக்குள் போனால் தண்ணீர் சுத்தமாகி வெளியே வரும் என்று. அப்படி இல்லை. டேங்க்குக்குள் தண்ணீர் ஒன்றிரண்டு நாள் அசையாமல் நிற்கும். கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் இருக்கிற கலங்கல் தண்ணீர் வெளியேறும். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கசடில் ஒரு பகுதியைத் தின்று குறைக்கும். அவ்வளவுதான். வெளியே வரும் தண்ணீர் பார்வைக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தாலும், வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் அதில் இருக்கும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் ஊருக்குக் கேடு. அதற்குத்தான் உறிஞ்சு குழி அல்லது உறிஞ்சு வாய்க்கால் வேண்டும் என்கிறார்கள்.

உண்மையான சுத்திகரிப்பு அந்த வாய்க்காலுக்குக் கீழே இருக்கிற மண்ணில்தான் நடக்கிறது. ஜல்லியில் நடப்பதில்லை. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கழிவுநீர் மண்ணைத் தொடுகிற இடத்தில் சில மாதத்தில் ஒரு கறுத்த வழுவழுப்பான படலம் உண்டாகும். குளத்துப் படிக்கட்டில் பாசி வழுக்குமே, தொட்டால் அந்த மாதிரி இருக்கும். அந்தப் படலம் தண்ணீரை மெதுவாகக் கசியவிடும். அதற்குக் கீழே இரண்டு மூன்று அடிக்காவது ஈரம் சொட்டாத, காற்றோட்டமுள்ள மண் இருந்தால், அதில் இருக்கிற நுண்ணுயிர்கள் நோய்க் கிருமிகளைப் பெரும்பாலும் அழித்துவிடும். தொழுவுரத்தை மக்கவைக்கிற அதே மண்தான் இந்த வேலையையும் செய்கிறது.

அப்படியானால் ஜல்லி எதற்கு? இடம் பிடித்து வைப்பதற்கு. ஓட்டைபோட்ட குழாயைத் தாங்குவதற்கு, வருகிற தண்ணீரை ஒரே இடத்தில் கொட்டாமல் வாய்க்கால் நெடுகப் பரப்புவதற்கு, காலையில் ஒரே நேரத்தில் வீடே குளிக்கும்போது வருகிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் கல் இடுக்கில் தேக்கி வைப்பதற்கு. இவ்வளவுதான் அதன் வேலை. ஜல்லி ஒரு சுமைதாங்கி, வடிகட்டி அல்ல.

இதைப் புரிந்துகொண்டால் அமெரிக்காக்காரன் ஏன் டயரைப் போட்டான் என்பதும் புரியும். இடம் பிடித்து வைக்கிற வேலையை டயர் துண்டும் செய்யும். சொல்லப்போனால் சில விதத்தில் கல்லைவிட நன்றாகவே செய்யும். ஒரு கன அடி ஜல்லி நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு கன அடி டயர் துண்டு பதினைந்து கிலோவைத் தாண்டாது. அதனால் வண்டி வாடகை குறைவு, கூலி ஆள் கூடையில் சுமப்பதும் சுலபம். துண்டுகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியும் ஜல்லியைவிட அதிகம், ஆகவே தண்ணீர் கூடுதலாகத் தங்கும். டயர் மக்காது. அங்கே மலைமலையாகக் குவிந்துகிடந்த பழைய டயர்களை என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடினார்கள். ஒரு குவியலில் தீப்பிடித்தால் மாதக்கணக்கில் எரிந்தது. இந்த வழியில் கொஞ்சம் கழியட்டும் என்று பார்த்தார்கள்.

ஆனால் அவர்கள் போடுவது நம்ம ஊரில் டயர் கடை ஓரத்தில் கிடக்கிற டயர் இல்லை. இயந்திரத்தில் போட்டு இரண்டு அங்குல அளவுக்கு ஒரே சீராக வெட்டினது. டயருக்குள் இருக்கிற எஃகுக் கம்பி வெட்டின முனையில் நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது, அதற்கு அளவு வைத்திருக்கிறார்கள். தூள் கலக்கக்கூடாது, தூள் கலந்தால் இடுக்கு அடைத்துக்கொள்ளும். எண்ணெய், கிரீஸ் ஒட்டியிருக்கக்கூடாது. மண்ணைப் போட்டு மூடினால் டயர் துண்டு அமுங்கும், கல் அமுங்காது. அதைக் கணக்குப் பண்ணிக் கூடுதல் உயரம் போடுவார்கள். மேலே வண்டி வாகனம் ஏறவே கூடாது.

இங்கே நமக்குக் கிடைப்பது என்ன? ஆள் வைத்துக் கத்தியால் அறுத்த துண்டு, ஒன்று கையகலம், ஒன்று முழ நீளம், கம்பி நாலு பக்கமும் முள்ளு மாதிரி நீட்டிக்கொண்டு. இல்லாவிட்டால் டயருக்கு ரீட்ரேடிங் போடுகிற பட்டறையில் சுரண்டின தூள். இந்தத் தூளை மூட்டை கட்டிச் சல்லிசாகக் கொடுப்பார்கள். அதை வாய்க்காலில் கொட்டினால் தண்ணீர் போக வழியே இருக்காது. கம்பித் துண்டைப் போட்டாலோ, பத்து வருஷம் கழித்து வாய்க்காலைத் தோண்டிப் பார்க்கிறவன் கையும் காலும் கிழியும்.

இதற்கும் மேலே டயருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள். டயர் எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதம் துத்தநாகம் என்று வைத்துக்கொள்ளலாம். துத்தநாகம் நமக்குப் புதிதில்லை. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் போடுங்கள் என்று நாங்களே சொல்லுகிறோம். அதில் சுத்தத் துத்தநாகம் ஐந்து கிலோ சொச்சம். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வீட்டுக்கு முப்பதடி நீளம், இரண்டடி அகலத்தில் இரண்டு வாய்க்கால் வெட்டி, ஓரடி உயரத்துக்கு டயர் துண்டு போட்டால் 120 கன அடி. எடை ஆயிரத்தெழுநூறு கிலோவுக்குப் பக்கம், அதாவது இருநூறு கார் டயர். அதில் இருக்கிற துத்தநாகம் பதினேழு கிலோ. எட்டு ஏக்கர் நெல்லுக்குப் போடுகிற துத்தநாகம் ஒரு வீட்டின் பின்புறத்தில்! இது ஒரே நாளில் கரைந்து வராது என்பது உண்மை. நம்முடைய மண் சுண்ணாம்பு கலந்த களர் குணமுள்ள மண். துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தானே பயிருக்குத் துத்தநாகம் பற்றாமல் போகிறது. ஆகவே துத்தநாகத்துக்கு நான் ரொம்பப் பயப்படவில்லை. இருந்தாலும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

இரும்பும் மாங்கனீசும் வேறு கதை. டயருக்குள் இருக்கிற கம்பி துருப்பிடித்தால் இரண்டும் தண்ணீரில் இறங்கும். அமெரிக்காவில் அளந்து பார்த்ததில், டயர் துண்டு நிலத்தடி நீர் மட்டத்துக்கு மேலே இருக்கிறவரை பெரிய கெடுதல் தெரியவில்லை. நீரில் மூழ்கிக் கிடக்கும்போதுதான் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் எல்லாம் கூடுதலாக இறங்குகின்றன என்று கண்டார்கள். குடித்தால் உடனே விஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் பழுப்பாகும், வாடை வரும், வேட்டி துவைத்தால் கறை பிடிக்கும். வெள்ளைத் துணி நெய்கிற ஊரில் இது சின்ன விஷயமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டயர் வெயிலிலும் காற்றிலும் வெடிக்காமல் இருக்க 6பிபிடி என்ற ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். அது காற்றில் உள்ள ஓசோன் பட்டு வேறொரு பொருளாக மாறுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் மழை பெய்து சாலைத் தண்ணீர் ஓடையில் இறங்கியதும் கோஹோ சால்மன் என்ற மீன்கள் கும்பல் கும்பலாகச் செத்தன. காரணம் பல வருஷம் பிடிபடவில்லை. 2020-ஆம் வருஷம் வாஷிங்டன் பகுதி விஞ்ஞானிகள் டயர்த் தேய்மானத்தில் இருந்து வருகிற இந்தப் பொருள்தான் என்று கண்டுபிடித்தார்கள். நம்ம குளத்துக் கெண்டைக்கும் அப்படி ஆகும் என்று நான் சொல்ல வரவில்லை. மீனுக்கு மீன் தாங்குகிற சக்தி வேறு. ஆனால் அந்த மாநிலங்கள் டயரை வாய்க்காலில் போட அனுமதி கொடுத்த காலத்தில் இந்தச் சங்கதி யாருக்கும் தெரியாது. புதிதாக ஒன்று தெரியவந்தால் பழைய அனுமதியை மறுபடியும் யோசிக்கத்தான் வேண்டும்.

இப்போது நம்ம பூமிக்கு வருவோம். சோமனூர், கருமத்தம்பட்டி, சூலூர்ப் பக்கமெல்லாம் செம்மண் அதிக ஆழமில்லை. நாலைந்து அடி தோண்டினால் ஓடைக்கல், அதற்குக் கீழே வெடிப்பு விட்ட பாறை. சில பக்கம் கரிசல். வெடிப்புப் பாறையில் இறங்குகிற கழிவுநீர் வடிகட்டாமல் நேராகக் கிணற்றுக்குப் போகும். மேலே அழுக்குத் தண்ணீரை ஊற்றினால் கீழே மண்தான் சல்லடை. சல்லடையே இல்லாத இடத்தில் மேலே கல்லைப் போட்டால் என்ன, டயரைப் போட்டால் என்ன?

முப்பது நாற்பது வருஷமாக இந்தக் கேள்வி நமக்கு உறைக்கவில்லை. கிணறெல்லாம் வற்றிப்போய், ஆயிரம் அடிக்கு போர் போட்டுக்கொண்டிருந்தோம். மேலே விடுகிற தண்ணீர் எங்கே போனால் என்ன என்றிருந்தது. இப்போது நிலைமை மாறுகிறது. அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே இருந்து பவானியின் உபரி நீர் வருஷத்துக்கு 1.5 டி.எம்.சி. எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு விடுகிற திட்டம் அது. மூன்று தலைமுறை கேட்டுக் கேட்டு வந்த தண்ணீர். அந்தத் தண்ணீர் எட்டுகிற ஊர்களில் குட்டை நிறைந்தால் பக்கத்துக் கிணற்றில் ஊற்று எடுக்கும். நாம் வேண்டியதும் அதுதானே. ஆனால் ஊற்று மேலே வரும்போது, பாட்டன் காலத்தில் காய்ந்து கிடந்த ஆழத்தில் நாம் வெட்டின உறிஞ்சு குழியும் ஈரத்தில் நிற்கும். நீர் மட்டம் ஆறடிக்குள் வந்துவிட்டால் ஆழமான குழியெல்லாம் ஆகாது. டயர் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கக்கூடாது என்று பார்த்தோமே, அதுவும் இங்கேதான் இடிக்கிறது.

கைவிட்ட போர் குழிக்குள் செப்டிக் டேங்க் தண்ணீரை விடுகிறவர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "சும்மா கிடக்குற போர்தானே" என்று ஒரு குழாயைச் சொருகிவிடுகிறார்கள். எவ்வளவு விட்டாலும் நிறையாது, வாடை கிடையாது, செலவும் இல்லை. டயர் போடுவதைவிடப் பத்து மடங்கு கேடு இதுதான். மண் என்கிற சல்லடையைத் தொடாமலே கக்கூஸ் தண்ணீர் நாலு ஊருக்குப் பொதுவான ஊற்றில் கலக்கிறது. நொய்யலில் சாயத்தண்ணீர் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த பூமியெல்லாம் என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போடுகிற அளவுக்குப் போனது. அப்போது பட்டறைக்காரர்களைக் குற்றம் சொன்ன நாமே நம் தோட்டத்தில் இதைச் செய்தால் யாரிடம் போய் முறையிடுவது?

நான் பார்த்த ஒரு சங்கதி. ஒரு தோட்டத்தில் லாரி டயரை முழுசு முழுசாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பத்தடி ஆழத்துக்கு உறிஞ்சு குழி கட்டியிருந்தார்கள். சிமெண்ட் வளையத்துக்குப் பதில் டயர் வளையம். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. கிணறு இருபதடி தூரத்தில். இரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் கிணறு ஊறினது. ஊறின வாரமே தண்ணீரில் வாடை. வீட்டில் சின்னக் குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்து, ஆஸ்பத்திரியில் நாலு நாள் பாட்டில் ஏற்றினார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. டயரால் வந்த வினை என்று அங்கே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆழமும் தூரமும்தான் காரணம். சிமெண்ட் வளையம் போட்டிருந்தாலும் அதே கதிதான். டயர் செய்த தப்பு ஒன்றுதான்: செலவு குறைவாக இருந்ததால் யோசிக்காமல் தோண்ட வைத்தது. பிறகு அந்தக் குழியை மூடி, கிணற்றை இறைத்து, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். கிணற்றுக்குச் சரிவான பக்கத்தில், தள்ளி, புது வாய்க்கால் வெட்டினார்கள்.

எவ்வளவு தள்ளி என்று கேட்பீர்கள். இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் ஐ.எஸ். 2470 என்ற விதி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது அறுபதடி தள்ளி இருக்கவேண்டும் என்கிறது. வாய்க்கால் ஒன்றரை அடி முதல் மூன்றடி வரை ஆழம், ஓரடி முதல் மூன்றடி வரை அகலம். ஒரு வாய்க்கால் நூறடி நீளத்துக்கு மேல் போகக்கூடாது. வாய்க்காலுக்கு வாய்க்கால் ஆறடி இடைவெளி. குழாய் மூன்று அல்லது நாலு அங்குலம். உள்ளே போடவேண்டியது கழுவின கூழாங்கல் அல்லது உடைத்த கல். அந்த விதியில் டயர் கிடையாது. வெடிப்புப் பாறை மேலே தெரிகிற இடமானால் அறுபதடியும் போதாது என்பது என் அபிப்பிராயம். இன்னும் தள்ளிப் போங்கள்.

ஆழமாகக் குழி எடுப்பதைவிட ஆழமில்லாமல் நீளமாக வாய்க்கால் எடுப்பது நம்ம மண்ணுக்கு நல்லது. மேல் மண்ணில்தான் காற்றும் நுண்ணுயிரும் இருக்கின்றன. ஏர் ஓட்டுகிற உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

வாய்க்கால் வெட்டுவதற்கு முன்னால் மண் தண்ணீரை எவ்வளவு வேகத்தில் குடிக்கிறது என்று பார்க்கவேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கடப்பாரை, ஒரு ஸ்கேல், கைக்கடிகாரம் போதும். வாய்க்கால் வரப்போகிற இடத்தில், அதே ஆழத்துக்கு, ஒரு சாண் அகலத்தில் குழி போடுங்கள். சுவரைக் கடப்பாரை முனையால் சொரசொரப்பாக்கிவிடுங்கள். உதிரி மண்ணை அள்ளிவிட்டு அடியில் இரண்டு அங்குலம் மணல் போடுங்கள். ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காய்ந்த மண் முதலில் ஆசையாகக் குடிக்கும். அதை நம்பி ஏமாந்துவிடக்கூடாது, அதற்குத்தான் ஊறவிடுவது. மறுநாள் காலையில் மணலுக்கு மேலே ஆறு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, அரைமணிக்கு ஒரு தரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, மறுபடி ஊற்றி, நாலு மணி நேரம் இப்படிப் பாருங்கள். கடைசி அரைமணியில் இறங்கினதுதான் கணக்கு. ஒன்றரை அங்குலம் இறங்கினால், ஓர் அங்குலத்துக்கு இருபது நிமிஷம்.

முப்பது நிமிஷத்துக்குள் ஓர் அங்குலம் இறங்கினால் குழியும் போடலாம், வாய்க்காலும் போடலாம். முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றால் வாய்க்கால் மட்டும். அறுபது நிமிஷத்துக்கு மேலே ஆனால் அந்த மண் தண்ணீர் குடிக்காது; கரிசல் காட்டுக்காரர்களுக்கு இப்படி வரும். அங்கே வேறு ஏற்பாட்டுக்கு இன்ஜினீயரைத்தான் கேட்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, ஊற்றின தண்ணீர் ஊற்ற ஊற்ற மாயமாக மறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். "நல்லா இழுக்குதுங்க" என்பார்கள். அது பாறை வெடிப்புக்குள் போகிறது என்று அர்த்தம். இடத்தை மாற்றுங்கள்.

ஜல்லிச் செலவுக்கு வருகிறேன். அந்தத் தோட்டத்துக்காரருக்கும் இதைத்தான் முதலில் கணக்குப் போட்டுக் காட்டினேன். முன்னால் சொன்ன இரண்டு வாய்க்காலுக்கு 120 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட். ஆக ஒரு யூனிட்டும் கொஞ்சமும். வீடு முழுக்கக் கட்டுவதற்கு இறக்குகிற ஜல்லியில் இது எத்தனையில் ஒரு பங்கு? கான்கிரீட்டுக்கு வந்த ஜல்லியோடு இன்னொரு லோடு, அவ்வளவுதான். அதுவும் முடியவில்லையா, பழைய வீட்டைப் பிரித்த நன்றாக வெந்த செங்கல் இருந்தால் முட்டை அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்து, கழுவிப் போடலாம். வேகாத செங்கல் ஆகாது, கரைந்து சேறாகிவிடும். தேங்காய் மட்டையும் போடாதீர்கள், மக்கி உள்வாங்கும். அவர் பழைய சாளையைப் பிரித்த செங்கல் அம்பாரமாக அங்கேயே கிடந்தது! இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

விசைத்தறி உள்ள வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஷெட்டைக் கூட்டிப் பெருக்கின பஞ்சுத் தூசி கால் வழியாகவும் துணி வழியாகவும் குளியலறைக்குப் போய், சாக்கடையில் கலந்து, டேங்க்கில் மிதந்து, வாய்க்காலுக்குள் நுழைகிறது. பஞ்சு அடியிலும் படியாது, சீக்கிரம் மக்கவும் மக்காது. குழாய் ஓட்டையை மெத்தை மாதிரி அடைத்துவிடும். ஒன்பது பத்து வருஷம் உழைக்க வேண்டிய வாய்க்கால் மூன்றாம் வருஷமே மேலே பொங்குகிறது என்றால், நான் முதலில் கேட்பது "ஷெட் வாசற்படியில் கால் கழுவுற தண்ணி எங்கே போகுது?" என்பதைத்தான். துணி துவைக்கிற தண்ணீரையும் குளிக்கிற தண்ணீரையும் டேங்க்குக்கு விடாதீர்கள். ஒரு வலைத்துணி கட்டி வடித்து, வாழைக்கோ தென்னைக்கோ விடுங்கள். பாவுக்குக் கஞ்சி போடுகிற தண்ணீரும் டேங்க்குக்கு ஆகாது. கஞ்சி புளித்துப் படலத்தைத் தடிப்பாக்கிவிடும். தறிக்கு வருகிற ஆட்களும் அதே கக்கூஸைப் பயன்படுத்தினால், அஞ்சு பேருக்குக் கட்டின டேங்க்கில் பதினைந்து பேர் என்று ஆகும். கட்டும்போதே அவர்களையும் சேர்த்துக் கணக்குச் சொல்லுங்கள்.

டேங்க்கில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் கசடு எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால் கசடு வாய்க்காலுக்குள் இறங்கும். அப்புறம் கல்லாலும் ஆகாது, டயராலும் ஆகாது. லாரியைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஆளை உள்ளே இறக்காதீர்கள். 2013-ஆம் வருஷச் சட்டப்படி அது குற்றம். உள்ளே நிற்கிற விஷக் காற்று ஒரு மூச்சில் ஆளை விழவைக்கும்; காப்பாற்ற இறங்குகிறவனும் விழுவான். நம்ம மாவட்டத்திலேயே எத்தனை பேர் அப்படிப் போனார்கள்! எடுத்த கசடை லாரிக்காரர் எங்கே கொட்டுகிறார் என்றும் கேளுங்கள். ஓடையிலும் உங்கள் பக்கத்துக் காட்டிலும் கொட்டுவதற்கா காசு கொடுக்கிறீர்கள்?

வாய்க்கால் மேலே மண் மூடினபிறகு அருகம்புல் வளரவிடுங்கள். கீரை, வெங்காயம், முள்ளங்கி போடாதீர்கள். தென்னை, வேம்பு வேர் தண்ணீரைத் தேடிக் குழாய்க்குள் புகும், அதனால் தள்ளி வையுங்கள். டிராக்டரையும் நூல் வண்டியையும் அதன்மேல் ஏற்றாதீர்கள். கிணற்றுத் தண்ணீரை வருஷத்துக்கு ஒரு தரம், மழைக்குப் பிறகு, சோதனைக்குக் கொடுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலக்கக்கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும்.

பழைய டயரை என்ன செய்வது என்று கேட்டால், நம் முன்னோர் மாட்டு வண்டிக்கு மாட்டினார்கள், செருப்புத் தைத்துப் போட்டார்கள். இன்றைக்கு 2022 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, டயர் உற்பத்தி செய்கிற கம்பெனிகளே பழைய டயரை மறுசுழற்சி செய்யவைக்கும் பொறுப்பை ஏற்கவேண்டும். அரைத்துத் தூளாக்கித் தாரோடு கலந்து ரோடு போடுகிறார்கள். உங்களிடம் இருப்பதைப் பழைய டயர் வாங்குகிற கடையில் போடுங்கள். களத்து மேட்டில் போட்டு வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு முட்டையிடும். கொளுத்துகிறவர்களைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, அந்தப் புகை வாடை எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் தோட்டத்தில் போன வாரம் குழி சோதனை செய்தோம். வீட்டுக்குத் தெற்கே ஓர் அங்குலத்துக்கு இருபத்திரண்டு நிமிஷம் வந்தது. கிணறு வடக்கே எண்பதடி தூரத்தில். செங்கல் உடைக்க ஆள் விட்டிருக்கிறார். மேஸ்திரிக்குக் கொஞ்சம் வருத்தம்தான், டயர்க்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாராம். உங்கள் தோட்டத்தில் சோதனை செய்து பார்க்க விரும்புகிறவர்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு ஒரு கார்டு எழுதுங்கள், அல்லது செவ்வாய்க்கிழமை நேரில் வாருங்கள்.